கால் வாட்டில் வாசிக்க ஒரு வால்வ் அம்ப்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கிற்றாருக்குச் சின்ன வால்வ் அம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி) ஒன்று வாங்க யோசிக்கிறவர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது சொந்தக்காரரின் விலாசங்களை. லண்டனில் யார், ரொறன்ரோவில் யார், பாரிஸில் யார், நல்லூர்த் திருவிழாவுக்கு இந்த முறை யார் வருகிறார்கள். கிற்றார் அம்ப் இங்கே கடைகளிலும் கிடைக்கிறதுதான். நான் பார்த்தவரை அவை திரான்சிஸ்டர் அம்ப்கள், இல்லாவிட்டால் கலியாண வீட்டு மேடைக்கு ஏற்ற பெரிய பெட்டிகள். அறைக்குள் வைத்து வாசிக்கக்கூடிய வால்வ் அம்ப் என்றால் அது யாருடையவாவது பயணப்பெட்டிக்குள் சேலைக்கும் சொக்லேட்டுக்கும் நடுவில்தான் வந்து சேரும்.

நான் தேடத் தொடங்கியதும் ரொறன்ரோ மச்சான்தான் முதலில் படம் அனுப்பினான். "பாவிச்சதுதான் மச்சான், ஆனா புதுசு மாதிரிக் கிடக்கு. பாதி விலை. எடுக்கட்டோ?" பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். அந்தக் கதை அதோடு முடிந்தது.

நம்முடைய கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். வோல்ட் வித்தியாசத்தை ஸ்டெப் டவுன் றான்ஸ்ஃபோமர் ஒன்றை வைத்துச் சமாளிக்கலாம். ஹேர்ட்ஸை, அதாவது கரண்ட் ஒரு செக்கனுக்கு அலைகிற எண்ணிக்கையை, அது மாற்றாது. 60 ஹேர்ட்ஸுக்கு மட்டுமென்று கணக்குப் பார்த்துச் சுற்றிய றான்ஸ்ஃபோமரை 50இல் ஓட்டினால் கூடுதலாகச் சூடேறும். சித்திரை வெயிலில், ஓட்டுக்குக் கீழே, ஏற்கெனவே வால்வின் சூடும் சேர்ந்து நிற்கிற பெட்டிக்குள் இன்னும் சூடு எனக்கு வேண்டாம். சில அம்ப்களில் எல்லா நாட்டுக்கும் பொதுவான றான்ஸ்ஃபோமர் இருக்கும், உள்ளே இணைப்பை மாற்றினால் போதும். ஆனால் அதைத் திறந்து மாற்றத் தெரிந்த கை வேண்டும். லண்டனில் வாங்கியது என்றால் நேரே இங்கே ஓடும், பிளக்கும் இப்போது இங்கே புது வீடுகளில் போடுகிற அதே 13 ஆம்பியர் சதுரக் கால் பிளக்தான். பாரிஸ், சுவிஸ், ஜெர்மனிச் சாமானுக்குக் கரண்ட் பொருந்தும், பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும். ஜப்பானில் 100 வோல்ட், அந்தப் பக்கம் பார்க்கவே வேண்டாம்.

ஆக, லண்டன் சின்னம்மா.

அடுத்தது வாட். இதில்தான் பெரும்பாலான பெடியள் தடுக்குப்படுகிறார்கள். "வீட்டில வாசிக்கிறதுக்கு ஐஞ்சு வாட் காணும்தானே அண்ணை?" என்று கேட்பார்கள். அவர்கள் மனதில் ஐந்து வாட் என்பது இராவிளக்குக் குமிழின் அளவு. வால்வ் அம்பில் ஐந்து வாட் என்பது பக்கத்து வீட்டு அன்ரி மதிலால் எட்டிப் பார்க்கிற அளவு.

கணக்கு இதுதான். சாதாரண 12 அங்குலக் கிற்றார் ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 97 முதல் 100 டெசிபெல் சத்தம் வரும். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபெல். நம்முடைய காதுக்கு 10 டெசிபெல் கூடினால்தான் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது போலத் தோன்றும். ஆகவே 50 வாட் அம்புக்கும் 5 வாட் அம்புக்கும் காதில் விழுகிற வித்தியாசம் பத்து மடங்கு கிடையாது, வெறும் இரண்டு மடங்கு. ஐந்து வாட்டை முழுதாகத் திறந்தால் 104 டெசிபெல்லைத் தாண்டும். அமெரிக்காவின் தொழிற்சுகாதார நிறுவனமான நையோஷ் 85 டெசிபெல்லில் எட்டு மணித்தியாலம் இருக்கலாம் என்கிறது, ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு வரும்போது மிச்சம் கால் மணித்தியாலம். நான் வேலை முடிந்து வந்து ஒரு மணித்தியாலமாவது வாசிக்கிறவன்.

என் வீடு கொக்குவிலில். ஒரு காலத்தில் பனையோலை வேலியும் பெரிய வளவுமாக இருந்த இடம், பிரித்துப் பிரித்து இப்போது என் அறை யன்னலுக்கும் அடுத்த வீட்டுக் குசினி யன்னலுக்கும் நடுவில் ஒரு மதிலும் ஒரு முருங்கையும்தான் மிச்சம். இரவு எட்டு மணிக்குப் பிறகு பிள்ளைகள் படிக்கிற வீடு அது. ஓஎல் பரீட்சை எடுக்கிற பிள்ளை இருக்கிற அயலில் 90 டெசிபெல்லில் ராக் வாசித்தால் அடுத்த நாள் காலையில் முகத்தில் முழிக்க முடியாது. தொலைக்காட்சியை ஓரளவு சத்தமாக வைக்கிற அளவு, 70 டெசிபெல் பக்கம், அதுதான் எனக்குள்ள இடம். அந்த அளவுக்கு ஸ்பீக்கருக்குப் போக வேண்டியது ஒரு வாட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இங்கேதான் வால்வின் குணம் குறுக்கே நிற்கிறது. வால்வ் அம்பை ஏன் தேடுகிறோம்? தந்தியை மெல்லத் தொட்டால் தெளிவாகவும் அழுத்தி அடித்தால் கொஞ்சம் கரகரத்தும் வருகிற அந்தப் பதில்சொல்லும் குணத்துக்காக. அது வருவது கடைசி வால்வும் அவுட்புட் றான்ஸ்ஃபோமரும் ஸ்பீக்கரும் சேர்ந்து உழைக்கும்போது. சத்தக் குமிழைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தால் விலைகூடின வால்வ் அம்பும் சாதாரண அம்ப்தான். உழைக்க விட்டால் அயலட்டை விடாது.

இதற்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, மாஸ்டர் வொலியூம். முன்பக்கத்துச் சின்ன வால்வைக் கரகரக்க விட்டுக் கடைசியில் சத்தத்தைக் குறைப்பது. வேலை செய்யும், ஆனால் வருவது முன்வால்வின் கரகரப்பு, அது வேறு சாதி. மெற்றல் வாசிக்கிறவருக்கு அது போதும், அதுதான் வேண்டும். மற்றது, அற்றெனுவேற்றர்: அம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று மிச்ச வாட்டைச் சூடாக மாற்றிவிடும் பெட்டி. கொஞ்சம் குறைத்தால் நல்லது, நிறையக் குறைத்தால் மேல்சத்தம் மங்கிக் கம்பளியால் மூடினது போலாகும். மூன்றாவது, பிறக்கும்போதே ஒரு வாட், கால் வாட் என்று குறைக்கிற சுவிட்சோடு வருகிற அம்ப். உள்ளே நடப்பது பலவற்றில் அற்றெனுவேற்றர் வேலைதான் என்றாலும் அந்த அம்புக்கென்றே அளந்து வைத்திருப்பார்கள், தனியாகக் காசும் கொடுக்க வேண்டியதில்லை.

குறைந்த சத்தத்தில் எல்லா அம்பும் ஏன் சொத்தியாகக் கேட்கிறது என்பதற்கு இன்னொரு காரணம் அம்பில் இல்லை, காதில். 1933இல் பிளெச்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டியது: சத்தம் குறையக் குறைய நமது காது அடிச்சத்தத்தையும் உச்சத்தையும் விட்டுவிட்டு நடுவை மட்டும் பிடித்துக்கொள்ளும். யூரியூப்பில் கேட்டு மயங்கிய அம்ப் வீட்டில் ஒல்லியாகக் கேட்பதற்குப் பாதிக் காரணம் இது. அதற்காக அம்பை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. பேஸைக் கொஞ்சம் கூட்டினால் சரி.

சுற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன வால்வ் அம்ப்களுக்கெல்லாம் பாட்டன் என்று சொல்லத்தக்கது ஃபெண்டர் சாம்ப். அதன் 5எஃப்1 என்ற சுற்றில் முன்னுக்கு ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வ், பின்னுக்கு ஒரு 6வி6 வால்வ், கரண்டை நேராக்க ஒரு 5வை3 வால்வ், எட்டு அங்குல ஸ்பீக்கர், ஒரேயொரு சத்தக் குமிழ். ரோன் குமிழ் கூடக் கிடையாது. ஐந்து வாட். இன்றைக்கும் தாங்களே அம்ப் செய்து பழகுகிறவர்கள் முதலில் தொடுவது இதைத்தான். அந்தப் பக்கம் இங்கிலாந்துக்காரரின் வழி ஈஎல்84 வால்வ், வொக்ஸ் ஏசி30 நான்கைப் போட்டுக் கட்டியது. 6வி6 வட்டமாக, சாந்தமாகப் பேசும். ஈஎல்84 கொஞ்சம் மினுங்கும், அழுத்தினால் சீறும். இரண்டுமே ஒற்றை வால்வாக இருந்தால் பயஸ் (வால்வ் சும்மா நிற்கும்போது அதற்குள் ஓடுகிற கரண்டின் அளவு) சரிபார்க்கிற வேலை பெரும்பாலும் இல்லை, வால்வைக் கழற்றிப் புதியதைப் போட்டால் முடிந்தது. திருத்துகிறவரைத் தேடி ஊர் முழுக்க அலைய வேண்டிய நமக்கு இது சின்ன விஷயமில்லை.

ஸ்பீக்கர் அளவில் நான் பிடிவாதக்காரன். எட்டு அங்குலம் மைக்குக்கு முன்னால் நன்றாகவே இருக்கும், பதிவில் அழகாக உட்காரும். அறைக்குள் நேரே கேட்டால் டப்பாச் சத்தம். பத்து அங்குலத்திலிருந்துதான் வாசிக்க மனம் வரும். 12 என்றால் இன்னும் நல்லது, ஆனால் பயணப்பெட்டி ஒத்துக்கொள்ளாது. இதற்கும் ஒரு குறுக்குவழி உண்டு: தலையை (ஸ்பீக்கர் இல்லாத அம்பை) மட்டும் வெளியிலிருந்து எடுப்பித்து, பெட்டியை இங்கே தச்சரிடம் 18 மில்லிமீற்றர் பிளைவுட்டில் அடிப்பிக்கலாம். ஸ்பீக்கர் மட்டும் கிற்றார் ஸ்பீக்கராக இருக்க வேண்டும். ஒலிபெருக்கிக் கடையில் கிடைக்கிற பாட்டு ஸ்பீக்கர் உச்சச்சத்தத்தையும் விடாமல் எடுத்துத் தரும். கிற்றார் ஸ்பீக்கர் 5,000 ஹேர்ட்ஸ் பக்கம் கையை விட்டுவிடும், கரகரப்பு இனிமையாகக் கேட்பது அந்த விடுதலால்தான். ஸ்பீக்கரின் ஓம் (மின்தடை) அளவும் அம்பின் பின்னால் எழுதியபடி இருக்க வேண்டும். வால்வ் அம்பை ஸ்பீக்கர் கொழுவாமல் ஒருநாளும் ஓட்டக் கூடாது, அவுட்புட் றான்ஸ்ஃபோமர் எரிந்துபோகலாம்.

இனிக் கைக்கெட்டிய பெயர்கள். பிளாக்ஸ்டார் எச்ரி-1 ஒரு வாட், அதில் கடைசி வேலையைச் செய்வதும் ஈசிசி82 என்ற சின்ன வால்வ்தான். கரகரப்புப் பிரியருக்கு நல்லது. மார்ஷல் டிஎஸ்எல்1 ஒரு வாட்டிலிருந்து பத்தில் ஒரு வாட்டுக்கு இறங்கும். லேனி கப்12ஆரில் 15 வாட்டுக்கு ஒரு துளை, ஒரு வாட்டுக்கும் குறைவானதற்கு ஒரு துளை என்று இரண்டு இன்புட். எல்லோரும் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிற ஃபெண்டர் புளூஸ் ஜூனியர் 15 வாட். சேர்ச்சில், சின்ன மேடையில் அருமை. கொக்குவில் அறைக்கு அது பிழையான அம்ப் என்பது என் அபிப்பிராயம். பெட்டியில் "வால்வ்" என்று எழுதிவிட்டு முன்னுக்கு ஒரு 12ஏஎக்ஸ்7ஐ மட்டும் செருகி, மிச்சத்தைத் திரான்சிஸ்டரால் முடித்தவையும் உண்டு. அவை கூடாதவை என்று சொல்லவில்லை. ஆனால் கடைசி வால்வ் உழைக்கிற குணம் அவற்றில் வராது.

நான் எடுப்பித்தது வொக்ஸ் ஏசி4டிவி. ஒரு ஈஎல்84, பத்து அங்குல ஸ்பீக்கர், 4 வாட், 1 வாட், கால் வாட் என்று மாற்ற ஒரு குமிழ். முன்பக்கம் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் சாயலில் செய்திருப்பார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கிய சின்னம்மா, "இந்தப் பழைய ரிவியைத் தூக்கிக்கொண்டு வரவோ தம்பி என்னைப் பிடிச்சனி?" என்று கேட்டார். இரவில் கால் வாட், பகலில் ஒரு வாட். நாலு வாட்டை மழை நாளில், மழைச்சத்தம் ஓட்டில் விழுகிறபோது மட்டும்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வால்வ் அம்ப் எல்லோருக்கும் தேவையில்லை. இரவில் ஹெட்ஃபோன் போட்டு மட்டும்தான் வாசிக்க முடியும் என்றால் யமாஹா ரிஎச்ஆர்10, பொஸ் கற்றானா போன்ற டிஜிற்றல் அம்ப்தான் புத்திசாலித்தனம். 2011இல் வந்த முதல் ரிஎச்ஆர்10 எட்டு டபிள்ஏ பற்றரியில் ஓடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றபோது அதை வைத்திருந்தவர்கள்தான் வாசித்தார்கள். வால்வுக்குக் கரண்ட் தீனி பெரிது. ஈஎல்84 ஒன்றையும் 12ஏஎக்ஸ்7 ஒன்றையும் சூடாக்க மட்டும், ஒரு சத்தமும் வராமலே, ஆறரை வாட்டுக்கு மேல் போகிறது. மலிவு இன்வேர்ட்டரில் கொழுவினால் சதுர அலை வந்து றான்ஸ்ஃபோமரே ரீங்காரமிடும். இந்தக் குடாநாட்டுக்கு வால்வ் பொருந்தாமல் போனது இது முதல்முறையும் இல்லை. தொண்ணூறுகளில் கரண்டே இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோமே, அதெல்லாம் திரான்சிஸ்டர் றேடியோ. வால்வ் றேடியோக்கள் அந்த வருடங்களில் பரணுக்குப் போனவைதான்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, அதை யாரும் அம்ப் விலையோடு கூட்டிப் பார்ப்பதில்லை. வீட்டின் ஏர்த், கசிகிற கரண்டை நிலத்துக்குள் இறக்குகிற இணைப்பு. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று துளை பிளக்கிருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயர் இருக்காது. அல்லது வயர் இருக்கும், வெளியே நிலத்தில் இறங்கிய கம்பி உக்கிப்போயிருக்கும். என் அறையில் முதலாவது நிலைமை. வால்வ் அம்புக்குள் 250, 300 வோல்டுக்கு மேல் ஓடுகிறது, உங்கள் கை கிற்றார்த் தந்தியில், தந்தி வயரால் அம்பின் உடம்போடு. ஏர்த் இல்லையென்றால் உள்ளே ஏதாவது பழுதுபட்ட நாளில் நடுவில் நிற்பது நீங்கள். வயர்மனைக் கூப்பிட்டுப் புதிதாகக் கம்பி இறக்கினேன். எங்களுடைய சுண்ணாம்புக்கல் நிலம் கோடையில் காய்ந்துவிடும் என்பதால் குழிக்குள் கரியும் உப்பும் போட்டு, அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொன்னார். சோக்கட் வேலை முடிந்த அன்றே அம்பின் ஹம் சத்தமும் பாதி குறைந்தது. ஹம் வருகிறதென்று ஏர்த் காலை வெட்டிவிடுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிற்றர்களில் கரண்ட் தேங்கி நிற்கும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள், பின்மூடியைச் சும்மா கழற்றிப் பார்க்கிற பெட்டி இல்லை இது.

பதிவு செய்கிற பக்கம் வந்தால், சின்ன அம்புக்கு அங்கேதான் பெருமை. மைக்குக்கு அறையின் பருமனும் தெரியாது, வாட்டும் தெரியாது. ஷூர் எஸ்எம்57 மைக் ஒன்றை ஸ்பீக்கர் துணிக்கு இரண்டு விரல் தூரத்தில் வைத்தால் கால் வாட்டும் மேடைபோலக் கேட்கும். ஸ்பீக்கரின் நட்டநடுவுக்கு நேரே வைத்தால் சத்தம் கூர்மை, ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த மென்மை. ஈக்வலைசரைத் தொடுவதற்கு முன் மைக்கை ஓர் அங்குலம் நகர்த்திப் பாருங்கள், பாதி வேலை அங்கேயே முடியும். கிட்ட வைக்க வைக்கப் பேஸ் கூடும், அதைத்தான் மேலே சொன்ன ஒல்லிச் சத்தத்துக்கு மருந்தாகப் பாவிக்கிறேன். என் அறை சீமெந்துத் தரை, சீமெந்துச் சுவர், உயரமான கூரை. கை தட்டினால் திரும்பி வரும். அதனால் தூரத்து மைக் என்கிற ஆசையை விட்டுவிட்டு, அம்பைக் கதிரையில் ஏற்றி, பின்னால் மெத்தையைச் சாத்தி, துணி அலுமாரிக் கதவைத் திறந்துவைக்கிறேன்.

உண்மையான எதிரி வெளிச்சத்தம். காலையில் காகம், பிறகு பாண் ஓட்டோவின் பாட்டு, அதற்குப் பிறகு அடுத்த வளவுத் தண்ணீர் மோட்டர். ஆனி ஆடியில் எந்தத் திசையிலிருந்தாவது ஒரு கோயில் லவுட்ஸ்பீக்கர் கட்டாயம். எனக்கு வாய்த்த நேரம் பின்னேரம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், ஊர் படுத்திருக்கும் வேளை. அப்போதும் ஃபானை நிறுத்த வேண்டும், காற்றுச்சத்தத்துக்காக மட்டுமல்ல. சுழற்றிக் குறைக்கிற இலத்திரனியல் றெகுலேற்றர் கிற்றாரில் தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற ஒற்றைச்சுருள் பிக்கப்புக்குள் பொரிகிற சத்தத்தை அனுப்பும். முழு வேகத்தில் விட்டால் அது போய்விடும், காற்று மைக்கில் விழும். ஆகவே வியர்வை. மடிக்கணினியைச் சார்ஜரில் இருந்து கழற்றிப் பற்றரியில் ஓட்டினால் இன்னொரு கீச்சுச் சத்தமும் போகும்.

கடைசியாக, வால்வ். இப்போது உலகத்தில் கிற்றார் வால்வ் செய்கிற இடங்கள் ரஷ்யா, சுலோவாக்கியா, சீனா என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2022இல் ரஷ்ய வால்வ்கள் வருவது தடைப்பட்டபோது விலை எகிறியது. ஆனால் பரணில் கிடக்கிற அந்தப் பழைய றேடியோவை எறிவதற்கு முன் பின்மூடியைக் கழற்றி எழுத்தைப் பாருங்கள். ஐம்பது அறுபதுகளின் பிலிப்ஸ், குறுண்டிக் பெட்டிகள் பலவற்றில் ஸ்பீக்கரை ஓட்டியது இதே ஈஎல்84தான். முதல் எழுத்து ஈ என்றால் 6.3 வோல்டில் சூடாகிற வகை, உங்கள் அம்புக்குப் பொருந்தலாம். யு என்று தொடங்கினால், யுஎல்84 போல, அது றான்ஸ்ஃபோமர் இல்லாமல் நேரே வீட்டு மெயின்ஸ் கரண்டில் ஓடிய றேடியோவின் வால்வ். அம்பில் செருக முடியாது, அந்த றேடியோவின் உலோகத் தட்டிலேயே கரண்ட் இருக்கக்கூடும், பிளக்கில் கொழுவிவிட்டுத் தொடாதீர்கள். எங்கள் பெரியப்பா வீட்டுப் பிலிப்ஸில் இருந்தது ஈஎல்84. கால்களில் பச்சைப் பூஞ்சணம், எங்கள் உப்புக்காற்றின் வேலை. கொன்ராக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துப் போட்டேன். பாடுகிறது.

சின்னம்மா அடுத்த தடவை வரும்போது சொல்லிவிட்டிருப்பது இவ்வளவுதான்: ஈஎல்84 ஒன்று, 12ஏஎக்ஸ்7 ஒன்று, அம்பின் பின்னால் எழுதியிருக்கிற அதே அளவில் ரி என்று குறித்த மெதுவாக எரிகிற ஃபியூஸ் ஒரு பக்கெற். வால்வை ஆடைக்குள் சுற்றிக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். விமான நிலையத்தில் இது என்ன குமிழ் என்று கேட்டால் பழைய றேடியோவுக்கு என்று சொல்லட்டும்.